தகரக் குழலில் ஒரு பெயர்

காலையில் அரசாங்கப் படையாக இருந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு புரட்சிப் படையாக மாறினார்கள். அந்த மாற்றத்தைச் செய்து வைத்தவள் நான். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊரிகம் லைனில் தையல் மிஷின் ஃப்ளோரா என்றால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தெரியும். மெட்ராஸிலிருந்து வந்த சினிமாக் கம்பெனி காக்கிச் சட்டை ஒரே ஒரு மூட்டைதான் கொண்டு வந்திருந்தது. இரண்டு படைக்கும் அதுவேதான். அதனால் காலையில் பித்தளைப் பொத்தானும் விறைப்பான காலரும். மத்தியானம் பொத்தானைப் பிய்த்து, காலரை உள்ளே மடித்து, தோளில் ஒரு கிழிசல். மறுநாள் காலை அந்தக் கிழிசலை நானே உட்கார்ந்து தைக்க வேண்டும். ஒரு நாட்டுக்குள் நடக்கும் போர் என்பது இவ்வளவுதானா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

இது எழுபத்திரண்டாம் வருஷம். படத்தின் பெயரை அவர்கள் எங்கள் ஊரில் இருந்தபோதே மூன்று தடவை மாற்றினார்கள். கதையை மாற்றவில்லை, ஏனென்றால் கதை இன்னும் முழுசாக இல்லை. ஒரு நாடு. நாட்டுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் சென்சாரில் மாட்டிக்கொள்வோம் என்றார் உதவி டைரக்டர் கோதண்டம். அங்கே ஒரு கெட்ட தளபதி, அவனுக்கு எதிராகக் காட்டில் ஒளிந்திருக்கும் இளைஞர் கூட்டம், இரண்டுக்கும் சண்டை.

"எதுக்காக சண்டை போடுறாங்க?" என்று கேட்டேன்.

"அநியாயத்தை எதிர்த்து."

"இன்னா அநியாயம்?"

கோதண்டம் கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "அது பாட்டுல வரும்மா," என்றார்.

தங்கம் எடுத்த பிறகு மிச்சமாகும் மண்ணைச் சுரங்கக் கம்பெனி மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறதே, நாங்கள் சயனைட் மேடு என்போமே, அதைப் பார்த்ததும் டைரக்டருக்குப் பாலைவனம் ஞாபகம் வந்ததாம். சுரங்கத்துக்குள் இறங்குகிற, மூடிக் கிடந்த ஒரு பழைய ஷாஃப்ட்டையும் அதன் இரும்புக் கோபுரத்தையும் பார்த்ததும் சிறைச்சாலை ஞாபகம் வந்ததாம். நாங்கள் குடியிருக்கும் ஊரைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்கு என்னென்னவோ ஞாபகம் வருகிறது. போர் நடத்த ஆள் வேண்டுமென்று லைனில் கூப்பிட்டார்கள். ஷிஃப்ட் முடித்தவர்கள், ரிடையரானவர்கள், வேலைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் போய் நின்றார்கள். எனக்குத் தெரிந்து யூனியன் ஆட்களும் யூனியனைத் திட்டுகிற ஆட்களும் ஒன்றாக வரிசையில் நின்றது அப்போதுதான்.

புரட்சிப் படைக்குக் கொடி தைக்கக் கொடுத்த துணி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. சிவப்பு வேண்டாமா என்றேன். "கறுப்பு வெள்ளைப் படம்மா. எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். சிவப்புன்னா அவருக்குத்தான் கண்ணை உறுத்தும்," என்று கோதண்டம் கண்ணால் காட்டினார். டம்மித் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ள வந்த போலீஸ்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தாமோதரன் மட்டும் கொடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கலருக்குக் கீழ எவன்டா உயிர விடுவான்?" என்றான். இவன் பக்கத்து லைன். மில்லில் வேலை. வாய் மூடினால் வயிறு வலிக்கும் ரகம்.

நாகம்மாக்கா அங்கே வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் சினிமாவே பார்க்காதவள். சுரங்கக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் வீட்டில் குழம்பு கொதித்தால் என் வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பேன். முதல் நாள் ஷூட்டிங்குக்கே வேலை முடிந்து நேராக வந்து, என் மிஷின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஃப்ளோரா, காட்டுல கீறவங்க இதுல யாரு?"

நான் காட்டினேன். எங்கள் தெருப் பையன்கள், முகத்தில் கரி, உடம்பில் கம்பளி. அவர்களுடைய தலைவனாக மெட்ராஸ் கதாநாயகன், கரி பூசாமல்.

"இவங்க இன்னா துன்றாங்க?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது.

நாகம்மாக்காவின் ஒரே பிள்ளை அசோகன். படிக்கிற பையன். என்னோடு டெண்ட் கொட்டாய்க்கு வந்து தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவன். படத்தில் புரட்சிக்காரன் வந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பான். "யக்கா, தாடி வெச்சிகினு இருமினான்னா அவன் கொள்கைக்காரன். இடைவேளைக்கு அப்பால செத்துடுவான் பாரு," என்பான். அப்படியே செத்தும் விடுவான். அப்புறம் அசோகன் கோலார் காலேஜுக்குப் போனான். கூட்டாளிகள் மாறினார்கள். ராத்திரியில் சுவரில் புரட்சி வாசகம் எழுதினான், தாமதமாக வந்தான், சாப்பிடாமல் படுத்தான். ஒரு நாள் போலீஸ் வந்து வீட்டிலிருந்த பானையெல்லாம் உருட்டிவிட்டுப் போனது. சிதறிய அரிசியைப் பொறுக்கிக்கொண்டே நாகம்மாக்கா கத்தினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். "ஒங்கப்பன் மண்ணுக்குள்ள போனான், நீ மலைக்குப் போவியா? போனா அதோட போ. திரும்ப இந்த வாசல மிதிக்காத!" என்ன சொன்னாலும் கேட்காத பையன் அந்தப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டான். அப்போது அவன் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. ஆந்திரா பக்கம் காட்டில் இருக்கிறான் என்று ஒருவர் சொல்வார். சுட்டுவிட்டார்கள் என்று இன்னொருவர் காதில் ஓதுவார். எதுவும் உறுதியில்லை.

அவள் வெளியே அழுததில்லை. எப்போதாவது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். "ஃப்ளோரா, கோபத்துல சொன்னது கோபம்தானே? அவனுக்குப் புரிஞ்சிருக்கும்ல? ஒரே ஒரு சேதி போனா போதும். வாடான்னு. எந்த வழியா அனுப்பறதுன்னுதான் தெரியல." புரிந்திருக்கும் அக்கா, தூங்கு என்பேன்.

அதனால்தான் அவள் தினமும் ஷூட்டிங்குக்கு வந்தாள். காட்டுக்குப் போனவர்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்டுகிற ஒரே இடம் அவளுக்கு அதுதான். போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே குடிக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள், எல்லாம் பார்த்தாள். புரட்சிப் படை அந்தப் படத்தில் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை. பாட்டு நடுவில் ஒரு முழுக் கோழியை நெருப்பில் திருப்பித் திருப்பி வாட்டினார்கள். "தெனமும் கோழியா?" என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள் என்றுகூடத் தோன்றியது. அந்தக் கோழியைக் கடைசி வரை யாரும் தின்னவில்லை, பாட்டு முடிந்ததும் சினிமாக் கம்பெனி சமையல்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் டைரக்டரையே மடக்கிவிட்டாள். தொப்பி போட்ட, கையில் தகரக் குழலோடு திரிகிற, மென்மையாகப் பேசுகிற மனிதர். "சார், கடைசில இந்தப் பையன் இன்னா ஆவான்? வூட்டுக்கு வருவானா?"

டைரக்டர் சிரித்தார். "கிளைமாக்ஸ் இன்னும் எழுதலைம்மா."

"எழுதாமயேவா இத்தன பேர் சுட்டுக்கறீங்க?"

அவர் கேமரா பக்கம் நகர்ந்தார். விவரத்தைக் கோதண்டம்தான் எனக்குச் சொன்னார். டைரக்டருக்கு அந்தப் பையன் சண்டையில் சாக வேண்டும். படத்துக்குப் பணம் போட்ட முதலாளிக்கு அவன் மனம் திருந்தித் துப்பாக்கியைக் கீழே போட வேண்டும். கதாநாயகனுக்கு இன்னொரு டூயட் வேண்டும். "மூணையும் சேர்த்துட்டா?" என்றேன். "அதைத்தான் பேசிட்டிருக்காங்க," என்றார் அவர் முகம் மாறாமல். அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும் என்று நினைத்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. படம் எடுக்கிற இத்தனை பேருக்கும் அது தோன்றவே இல்லையா, இல்லை தோன்றியும் வசூலாகாது என்று விட்டுவிட்டார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

கடைசி நாள் வந்தது. எடுக்க வேண்டியது இதுதான்: சிறைச்சாலை வாசலில் குண்டு வெடிக்கிறது. புகை அடங்கியதும் ஒரு போராளியின் பிணம் போர்வைக்குள் கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடி நிற்க, தாய்க்காரி ஒருத்தி அழுதுகொண்டே ஓடி வந்து விழுகிறாள். பிணம் தாமோதரன். இரண்டு வாரமாக இரண்டு பக்கமும் செத்துச் செத்து அனுபவம் வந்துவிட்டது அவனுக்கு. கதாநாயகனின் அம்மாவாக மெட்ராஸ் நடிகை வேறு இருந்தாள். இது அவள் இல்லை, பொதுவாக ஒரு தாய். அதற்கு டைரக்டர் நாகம்மாக்காவைக் கை காட்டினார். தினமும் பார்த்த முகம், நல்ல முகம் என்றார். நான் வேண்டாமென்று சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நிக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டாள். எப்படி முடிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க அவளுக்கு ஆவல்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸ்காரர்களுக்கு அது தெரியாது, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே வீட்டில் பாத்திரம் ஆடும். ஆடின உடனே லைன் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். போய் நின்றால் யாரும் அழக் கூடாது. சேதி வருவதற்கு முன்னால் அழுதால் உள்ளே இருப்பவனை நாமே புதைத்த மாதிரி. அதனால் புடவை முந்தியில் ஒரு முடிச்சுப் போட்டு, அதைக் கையில் இறுக்கிக்கொண்டு வாயை மூடி நிற்போம். ஆட்களைத் தூக்கி வரும் கேஜ் மேலே வர வர, டைம் கீப்பர் ஒரு தகரக் குழலை வாயில் வைத்து, ஏறி வந்தவனின் பெயரைக் கூவுவார். பெயர் கேட்டால் ஆள் உயிரோடு வந்துவிட்டான். அந்த வீட்டுப் பெண் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஓடுவாள். செத்தவன் பெயரைக் குழலில் சொல்ல மாட்டார்கள். வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வார்கள். நாகம்மாக்காவின் புருஷன் சுப்பிரமணி போனபோது நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எல்லாப் பெயரும் வந்தது. அவன் பெயர் வரவில்லை. அன்றைக்கு அவள் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே மாதிரி ஒரு ஷாஃப்ட் வாசல். அதே லைன் பெண்கள். குண்டை நிஜமாகவே பலமாக வைத்துவிட்டார்கள். தரை ஆடியது. புகை வந்தது. நடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் நின்ற பழனியம்மா, சரோஜம்மா, பாப்பம்மா, ஒவ்வொருத்தி கையும் தானாக முந்திக்குப் போயிற்று. மிஷின் பக்கத்தில் நின்ற நானும் முடிச்சுப் போட்டுவிட்டேன். சத்தமே இல்லை.

"அழும்மா, அழு! ஓடு!" என்று டைரக்டர் கத்தினார்.

நாகம்மாக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கட்!" அவர் கிட்டே வந்தார். "என்னம்மா? உம் பிள்ளை செத்துக் கிடக்கான். அழ வேண்டாமா?"

"யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆச்சா சார்?" என்றாள். கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இன்னொரு குண்டு வைத்தார்கள். மறுபடியும் அதே மௌனம். கேமராக்காரர் வெளிச்சம் போகிறது என்று முணுமுணுத்தார். அப்போதுதான் கோதண்டம் என்னிடம் வந்து குனிந்தார். "அந்த அம்மாவுக்குக் காணாமப் போன பையன் ஒருத்தன் இருக்கானாமே. பேரு என்னம்மா?"

"எதுக்கு?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தானா அழுகை வந்துடும். ஒரே ஷாட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒங்க அம்மா பேர் இன்னா? அதைச் சொல்லுங்க, நாங்க எல்லாம் சேர்ந்து அழறோம்," என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் நேராகப் பிணத்திடம்தான் போனார். தாமோதரன் போர்வைக்குள் கிடந்து அலுத்திருந்தான். பேச யாராவது கிடைத்தால் போதும் அவனுக்கு. அவனிடம் என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது குண்டு வெடித்தது. தரை ஆடியது. பெண்கள் முந்தியை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். புகைக்கு அந்தப் பக்கம், ஷாஃப்ட் கோபுரத்துக்குக் கீழே இருந்து, டைரக்டர் தன் தகரக் குழலை வாயில் வைத்து உரக்கக் கூவினார்.

"அசோகன்!"

கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நாகம்மாக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீட்டில் பார்த்த முகம், அப்படி மலர்ந்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். "வந்துட்டான்டி!" என்று ஒரு சத்தம். முந்தி முடிச்சை இரண்டு கையாலும் அவிழ்த்துக்கொண்டே ஓடினாள். தலைமுடி கலைந்தது, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அவள் நிற்கவில்லை. பின்னால் பழனியம்மா கை தட்டினாள். பாப்பம்மா கும்பிட்டாள். ஒருத்தியும் அழவில்லை. எல்லாப் பல்லும் தெரிய சிரித்தார்கள்.

ஓடியது அவள் மட்டும் இல்லை. போலீஸ் தேடுகிற பெயரைக் கேட்டதும் நாற்காலியிலிருந்த போலீஸ்காரரும் டீயைக் கொட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். பாதி வழியில்தான் இது சினிமா என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொப்பியைச் சரி செய்வதுபோல் நின்றுவிட்டார்.

நாகம்மாக்கா போர்வையை இழுத்தாள். கன்னத்தில் சிவப்புச் சாயம் ஒழுக, தாமோதரன் எழுந்து உட்கார்ந்தான். "யக்கா... நான்தான்க்கா," என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அந்த இடத்தில் அழுதது அவன் ஒருவன்தான்.

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போர்வையை எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். டைரக்டர் பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றி நின்றார். நான் அவரை என்னென்ன திட்டினேன் என்பது பைபிள் வைத்திருக்கிற வீட்டில் எழுதக் கூடாதது. மனிதர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "அழுவாங்கன்னுதான் நெனச்சேன். எதுக்கு சிரிச்சாங்க? எனக்குப் புரியலை," என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு யாரும் விளக்கவில்லை. நாகம்மாக்கா மட்டும் தலை நிமிர்ந்து, "சார், நான் ஓடுனது படத்துல வருமா?" என்றாள்.

"வராதும்மா. கவலைப்படாதீங்க. வெட்டிடறேன்."

"வெட்டாதீங்க. வரணும்," என்றாள். "எப்டினா வரணும்."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்றார். நான் அவளுக்கு அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கழன்ற செருப்பைத் தேடி எடுத்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தாமோதரன் பல நாள் எங்கள் லைன் பக்கம் தலை காட்டவில்லை. பிறகு ஒரு நாள் வந்து அவள் காலில் விழுந்தான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

மழைக்காலம் போய்ப் படம் ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டருக்கு வந்தது. மத்தியான ஆட்டத்துக்கு லைனே கிளம்பியது. எங்கள் ஊரில் எடுத்த படம் என்று பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரிப் பவுடர் பூசிக் கூட்டி வந்திருந்தார்கள். நாகம்மாக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாமோதரன் திரையில் முதல் தடவை செத்ததும் விசில் பறந்தது. ஐந்தாவது தடவை செத்தபோது ஒரு சின்னப் பிள்ளை, "மறுபடியுமா!" என்றது.

படத்தில் காட்டுக்குப் போனவர்களுக்கு என்ன அநியாயம் நடந்தது என்று பாட்டிலும் வரவில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு கண்ணாடி போட்ட ஆள் அவர்களைக் கெடுத்துவிடுகிறானாம். தாடி இருந்தது. இருமலும் இருந்தது. அசோகன் இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பான். இடைவேளைக்குப் பிறகு, கெட்ட தளபதியைத் திடீரென்று மாற்றிவிட்டு நல்ல தளபதி ஒருவன் வருகிறான். அரசாங்கப் படை ஜீப்பில் ஊருக்குள் நுழைகிறது. நான் தைத்த பித்தளைப் பொத்தான் எல்லாம் மின்னுகிறது. ஊர் மக்கள் அவர்களை வரவேற்கிறார்கள். அங்கே, திரை முழுக்க, நாகம்மாக்கா.

முகம் மலர ஓடி வருகிறாள். பின்னால் எங்கள் பெண்கள் கை தட்டிச் சிரிக்கிறார்கள். அடுத்து ஜீப், சிப்பாய்கள் கையசைக்கிறார்கள், மறுபடியும் அவள். போர்வையும் இல்லை, பிணமும் இல்லை. குழலில் கூப்பிட்ட பெயரும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பேண்டு வாத்தியம்.

தியேட்டரில் முதலில் விசில் எழுந்து உடனே அடங்கிவிட்டது. அவள் கை முந்தி முடிச்சை அவிழ்ப்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பட்டாளத்துக்காக அந்த முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளை வந்துவிட்டான் என்று ஓடியவளைப் பிள்ளையைச் சுட வந்தவர்களை வரவேற்க வைத்துவிட்டார்களே! கடைசியில் முதலாளி, டைரக்டர், கதாநாயகன் மூன்று பேரும் ஜெயித்தார்கள். பையன் ஒரு டூயட் பாடி, மனம் திருந்தி, செத்தான். மெட்ராஸ் நடிகை அவன்மேல் விழுந்து புரண்டு அழுதாள். தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நாகம்மாக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவள் அதைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வெயிலில் வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "பாத்தியாக்கா? ஒன்ன பட்டாளத்துக்கு மால போட வெச்சிட்டானுங்க!"

"வெச்சிகினு போறாங்க," என்றாள்.

"நாள பின்ன அசோகன் எங்கனா இத்த பாத்தான்னா? அம்மா போலீஸ் பக்கம் சேர்ந்துட்டான்னு நெனைக்க மாட்டான்? ஏற்கெனவே வாசல மிதிக்காதன்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. போஸ்டர் ஒட்டிய சுவரின் நிழலில் என்னை இழுத்து நிறுத்தினாள்.

"அவன் பாக்கணும்னுதான்டி அந்த சார்கிட்ட கேட்டேன். சினிமா பாக்காம அவனால இருக்க முடியாது. காட்டுல கீறான்னா, ஒரு நாள் எறங்கி வந்து எந்த ஊர் கொட்டாயிலனா குந்துவான். நம்ம சயனைட் மேட்ட போஸ்டர்ல பாத்தா விடுவானா? என் மொகத்தப் பாப்பான்."

"பட்டாளத்தப் பாத்து ஓடுறேன்னு இல்லக்கா காட்டுறாங்க?"

"அது ஊர் ஒலகத்துக்கு. நான் முடிச்ச அவுத்துகினே ஓடுறேன் பாரு, அது இன்னான்னு எம்புள்ளைக்குத் தெரியாதா? எட்டு வயசுல என் கையப் புடிச்சிகினு ஷாஃப்ட் வாசல்ல நின்னவன். யார் பேரோ கூப்டதுக்குத்தான் அம்மா ஓடுறான்னு அவனுக்குத் தெரியும். யார் பேருன்னும் தெரியும். எனக்கு வேற யாரு கீறாங்க?"

நான் அழுதேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, எத்தனையோ தடவை செய்த வேலை மாதிரி, முந்தியின் நுனியை எடுத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வா," என்றாள். "இந்தப் படம் அடுத்தது எந்த ஊருக்குப் போவுதுன்னு மேனேஜரைக் கேப்போம்."